14 வயதுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்? திருமலை வாசகர்களே, சொல்லுங்கள்

உப்புவெளி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓர் உதவி வேண்டும்.

என் அக்காவின் மகளுக்கு 14 வயது. வவுனியாவில் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். டிசம்பர் விடுமுறைக்கு என்னிடம் வந்து பத்து நாள் நின்றாள். மழை விடாமல் பெய்ததால் கடற்கரைக்கும் போக முடியவில்லை. அப்பா கட்டி வைத்திருந்த பழைய அம்புலிமாமாக்களை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பொழுதில் புரட்டி முடித்துவிட்டு, "சித்தி, இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று திருப்பித் தந்தாள். சரியென்று பொன்னியின் செல்வன் முதலாம் பாகத்தைக் கொடுத்தேன். ஆடித் திருநாள், வீரநாராயண ஏரி எல்லாம் ஆசையாகத்தான் வாசித்தாள். நூறு பக்கம் போனதும் மூடி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள என்ர வயசில ஒருத்தரும் இல்லையே" என்றாள்.

அந்தச் சொல் என் மனதை விட்டுப் போகவே இல்லை. அம்புலிமாமாவுக்கும் கல்கிக்கும் நடுவில் எங்கள் அலுமாரியில் ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தில் இந்த வயதுக்கென்றே தனித் தட்டு வைத்து விற்கிறார்கள். நம்மிடம் ஒரு தட்டில் முயலும் நரியும், அடுத்த தட்டில் பெரியவர்களின் நாவல். இடையில் நிற்கிற பிள்ளை எங்கே போகும்?

நீங்கள் அந்த வயதில் வாசித்து இன்றுவரை மறக்காத புத்தகம் எது? தமிழில் எழுதியதோ, மொழிபெயர்ப்போ, இலகுவான ஆங்கிலமோ, எதுவானாலும் பரவாயில்லை. பெயரோடு ஏன் பிடித்தது என்றும் எழுதுங்கள். 'நல்ல கருத்துள்ள புத்தகம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இவள் புத்தகத்தைத் தொடமாட்டாள்.

தம்பலகாமம் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, என் பதில் ஒரே புத்தகம். சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்'. கிர்கீசியாக்காரர், 1962 இல் எழுதினார். சோவியத் நாட்டில் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய காலத்தில் வாங்கிய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. தாள் பழுப்பேறிவிட்டது, தையல் விடவில்லை.

அதில் வரும் அல்தினாய்க்கும் உங்கள் பெறாமகளின் வயதுதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, சித்தப்பா வீட்டில் ஏச்சும் அடியுமாக வளர்கிறாள். ஊருக்குத் தூய்ஷேன் என்று ஓர் இளைஞன் வந்து, பாழடைந்த குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். பள்ளிக்கூடம் இன்னும் தொடங்கவில்லை. எரிப்பதற்கென்று நாள் முழுக்கப் பொறுக்கிய சாண எருவை அந்தப் பிள்ளை யாருக்கும் சொல்லாமல் பள்ளிக்கூட வாசலில் கொட்டிவிட்டு ஓடுகிறாள். வீட்டில் கேட்பார்கள் என்று தெரிந்தும் கொட்டுகிறாள். நான் அந்த இடத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மார்கழி மாதம், மழையால் பாதிப் பிள்ளைகள் வராத நாள். பத்தாம் ஆண்டு வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு இதை வாசித்துக் காட்டினேன். பனி உறையும் ஓடையில் தூய்ஷேன் வெறுங்காலோடு இறங்கிச் சின்னப் பிள்ளைகளை முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிறான். குதிரையில் போகும் ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். குளம் நிரம்பினால் வயல் வரம்பில் முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிற பிள்ளைகள்தான் எங்கள் பிள்ளைகள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியன், வருசம் முழுக்க வாய் திறக்காதவன், எழும்பி நின்று கேட்டான்: "சேர், சிரிச்சவங்கட பேர் போட்டிருக்கா?" இல்லை என்றேன். "போட்டிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு இருந்தான்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லவேண்டும். அல்தினாயை வற்புறுத்திக் கட்டிக் கொடுக்கும் பகுதி கடுமையானது. விவரித்து எழுதவில்லை, ஆனாலும் பிள்ளைக்கு விளங்கும். அந்த இடத்தை அவள் வாசிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

கிண்ணியா பாதையடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். என் மூத்த மகளுக்கு 15 வயது. அவளை வாசிக்க வைத்தது மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர்தான். 'பாத்துமாவின் ஆடு', மலையாளத்தில் 1959 இல் வந்தது, தமிழில் கிடைக்கிறது. வீடு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் பசி, எல்லோருக்கும் காசு வேண்டும். தங்கச்சியின் ஆடு வீட்டுக்குள் புகுந்து கண்டதையெல்லாம் தின்கிறது, எழுத்தாளரின் சொந்தப் புத்தகங்களையும் சேர்த்து. மகள் அந்த இடத்தைக் குசினியில் நின்று உரக்க வாசித்தாள். என் உம்மா, அதாவது அவளுடைய உம்மம்மா, அரிசி அரித்துக்கொண்டிருந்தவ, சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. எழுபது வயது. கதைப் புத்தகத்துக்கு அவ சிரித்து அன்றுதான் கண்டேன்.

எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி உம்மாவும் வாப்பாவும் வருகிற புத்தகத்தை மகள் அதுவரை கண்டதில்லை. 'என் வயதில் ஒருத்தரும் இல்லை' என்று உங்கள் பிள்ளை சொன்னது எனக்கு அப்படியே விளங்குகிறது. என் மகள் 'எங்கட வீட்டில பேசுற மாதிரி ஒருத்தரும் பேசல' என்றுதான் சொல்லுவாள்.

அடுத்தது 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயாநாகி 1981 இல் எழுதிய தன் சொந்தப் பள்ளிக் கதை. டோட்டோவுக்கு ஏழு எட்டு வயதுதான், அதனால் சின்னப் பிள்ளைகளின் புத்தகம் என்று நினைத்துவிடாதீங்க. முதல் பள்ளிக்கூடத்தில் 'இந்தப் பிள்ளை எங்களுக்கு வேணாம்' என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது பள்ளிக்கூடத்தில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அங்கே தலைமையாசிரியர் கோபாயாஷி அவளை முன்னால் இருத்தி நாலு மணித்தியாலம் அவள் பேச்சைக் கேட்கிறார். 15 வயதில் வாசிக்கும்போதுதான் அந்த நாலு மணித்தியாலத்தின் அருமை தெரியும். அந்த வயதில் பிள்ளைகளை யாரும் நாலு நிமிசம்கூடக் கேட்பதில்லை.

உள்துறைமுக வீதி எழுதியது:

டோட்டோ-சான் பற்றி நானும் ஒன்று சொல்லவேண்டும், ராத்தா. எங்கள் வீட்டில் ஜப்பான் என்றால் ஒரே கதைதான். 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட நாள். அப்பம்மா அப்போது சின்னப் பிள்ளை. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்க் குதம் எரிந்த புகையையும், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. 16 வயதில் டோட்டோ-சான் வாசித்தேன். கடைசியில், 1945 இல், அந்த ரயில் பெட்டிப் பள்ளிக்கூடம் அமெரிக்கக் குண்டில் எரிகிறது. நான் புத்தகத்தை மூடிவிட்டு அப்பம்மாவிடம் போய், "அங்கேயும் பிள்ளைகளின்ர பள்ளிக்கூடத்தில குண்டு போட்டிருக்கினம்" என்றேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பிள்ளை தப்பிச்சுதா?" என்று கேட்டா. தப்பியது, அவதான் எழுதினவ என்றேன். முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னா. ஒரு கிழமை ஓடியது.

சாப்பாட்டுப் பெட்டி வருகிற இடத்தைத் தவறவிடாதீர்கள். கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டுவரவேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம். அப்பம்மாவுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

ஜீனோ எழுதியது:

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', பிறகு 'மீண்டும் ஜீனோ'. ஆட்களின் பெயர்கூட இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் போடும் ஓர் அரசாங்கம், அதற்குள் நிலா என்ற பெண், புத்திசாலியான ஓர் இயந்திர நாய். ஆங்கிலம் ஓடும் என்றால் இதை முடித்த கையோடு சூசன் கொலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்', 2008. தங்கையின் பெயர் சீட்டில் விழுந்ததும் 16 வயது அக்கா முன்னுக்கு வந்து தான் போகிறேன் என்கிறாள். அந்த இடத்துக்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

சாம்பல்தீவு எழுதியது:

யாரும் இன்னும் இரா. நடராசனின் 'ஆயிஷா' சொல்லவில்லையே! சின்னப் புத்தகம், ஒரு மணித்தியாலத்தில் முடியும். விஞ்ஞான நூல் ஒன்றுக்கு ஓர் ஆசிரியை எழுதும் முன்னுரை மாதிரித் தொடங்கும். கேள்வி கேட்டுக் கேட்டே அடி வாங்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கதை. நான் ஆசிரியைத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். பிரம்பைக் கையில் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன்.

நிலாவெளி எழுதியது:

சாம்பல்தீவு அக்கா, மன்னிக்கவேண்டும், 14 வயதுக்கு 'ஆயிஷா' வேண்டாம் என்பேன். அடித்தால் வலிக்காமல் இருக்க ஒரு மருந்து தேடி, தவளையில் சோதித்துவிட்டு, தன் உடம்பிலேயே ஏற்றி அந்தப் பிள்ளை செத்துப்போகிறாள். புத்தகத்தில் குறை சொல்லவில்லை. என் மனதையும் உலுக்கிய புத்தகம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நான் அதைக் கொடுத்தேன், வகுப்பில் எப்போதும் முதலில் கை உயர்த்துகிற பிள்ளை. அதற்குப் பிறகு அந்தத் தவணை முழுக்கக் கை உயர்த்தவில்லை என்று தாய் வந்து சொன்னா. கேட்டால் செத்துப்போவோம் என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டது. நான் கொடுத்துவிட்டு என் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். வாசித்தாயா, என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

மூதூர் தகப்பன் எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். மகன் அடுத்த வருசம் ஓ.எல். எடுக்கிறான். பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் வீட்டு வேலை. கதைப் புத்தகத்துக்கு எங்கே நேரம்? நான் படிக்காதவன், கூலி வேலை. அவனாவது படித்து ஒரு உத்தியோகத்துக்குப் போகவேண்டும். புத்தகம் கூடாது என்று சொல்லவில்லை. சோதனை முடியட்டுமே என்றுதான் கேட்கிறேன்.

ஏ.எல். கலைப்பிரிவு எழுதியது:

இங்கே பேசப்படும் வயதில் இருப்பவள் நான் ஒருத்திதான் போல. 17 வயது.

மூதூர் மாமா, உங்கள் கவலை என் அப்பாவின் கவலைதான். நான் ஓ.எல். எடுத்த வருசம் இரவு பத்து மணிக்குக் கொப்பியை மூடிவிட்டு இருபது பக்கம் வாசிப்பேன், பிறகு படுப்பேன். அந்த இருபது பக்கம் இருந்ததால்தான் அடுத்த நாள் காலை எழும்ப முடிந்தது. மகனிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், மாமா. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நிலாவெளி அக்கா, துக்கமான புத்தகம் வேண்டாம் என்று பெரியாட்கள் சொல்லும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். எங்கள் வீடுகளில் நடக்காத துக்கமா? கடல் வந்த கதை, இடம்பெயர்ந்த கதை, திரும்பி வராதவர்களின் கதை எல்லாம் நாங்கள் சோற்றோடு சேர்த்துக் கேட்டுத்தான் வளர்ந்தோம். புத்தகத்தில் வந்தால் மட்டும் மறைக்கிறீர்கள். ஆனால் 'என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை' என்று எழுதினீர்களே, அது சரி. அதுதான் வேண்டும்.

என்னுடைய புத்தகம் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. 1942 ஜூனில் 13 ஆவது பிறந்தநாளுக்குக் கொப்பி கிடைக்கிறது, யூதப் பிள்ளை என்பதால் அடுத்த மாதமே நாசிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருக்கப் போகவேண்டி வருகிறது. பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றிச் சொன்னவர்கள் எல்லாம் தைரியமான பிள்ளை, நல்ல பிள்ளை என்றார்கள். வாசித்தால் அவள் தாயோடு சண்டை பிடிக்கிறாள், ஒரே அறையில் இருக்கவேண்டிய வயதான ஆளைத் திட்டுகிறாள், ஒரு பெடியனை நினைத்துக்கொண்டு கிடக்கிறாள். நான் எழுத வெட்கப்படுகிறதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். 1944 இல், போர் முடிந்ததும் இப்படியான நாட்குறிப்புகளைச் சேர்க்கப்போகிறோம் என்று வானொலியில் கேட்டதும், தான் எழுதியதைத் தானே திருத்தி மறுபடி எழுதத் தொடங்குகிறாள். ஒளிந்திருக்கிற இடத்தில் இருந்துகொண்டு! கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1. அதற்கு அடுத்த பக்கம் வெறுமை. நான் அந்தப் பக்கத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967 இல் வந்தது. 14 வயதுப் பெடியன் சொல்லுகிற மாதிரி எழுதியிருக்கும், எழுதத் தொடங்கும்போது எஸ். ஈ. ஹின்டனுக்கு வயது 15. பெண் பிள்ளை எழுதியது என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். வசனங்கள் சின்னச் சின்னது, அகராதி அதிகம் தேவைப்படாது.

லிங்கநகர் எழுதியது:

சிங்களத்திலிருந்து ஒன்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ', 1947. குழப்படிகாரப் பெடியன் உபாலியும் தோழன் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடி, ஆளில்லாத தீவில் பயிர் செய்கிறார்கள். தமிழிலும் வந்திருக்கிறது. என்னோடு வேலை செய்யும் சிங்களத் தம்பி இதைப் பள்ளிக்கூடத்தில் வாசித்தானாம். நான் தமிழில் வாசித்துவிட்டுப் போய்ச் சொன்னதும் அரை நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

டச்பே எழுதியது:

நான் பெரிய வாசகன் இல்லை. வாழ்க்கையில் முழுதாக வாசித்தது ஏழெட்டுப் புத்தகம்தான் இருக்கும். அப்பா கரைவலைக்காரர், நானும் கடலுக்குப் போகிறேன். ஒன்பதாம் ஆண்டில் ஒரு டீச்சர் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' கொடுத்தா. 84 நாள் மீன் படாத கிழவர். அவரோடு போய்வந்த சின்னப் பெடியனைத் தாய் தகப்பன் வேறு வள்ளத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். கிழவருக்கு ராசியில்லை, அதனால். பெடியனுக்கு மனமில்லை, ஆனாலும் தகப்பன் சொல்லைத் தட்ட முடியாது.

எல்லோரும் அந்தப் பெரிய மீனைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தப் பெடியன்தான். எங்கள் கரையில் அது நடக்கும். மீன் படாத ஆளின் வள்ளத்துக்குப் பிள்ளையை விடமாட்டார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு வருசம் வந்தது. நான் அவரோடு போகிறேன் என்று கேட்டேன், அப்பா விடவில்லை. இரவில் போய் அவரோடு வலை பொத்திக் கொடுத்துவிட்டு வருவேன். கதையில் அந்தப் பெடியன் கிழவருக்குக் கோப்பியும் இரைமீனும் கொண்டுபோய்க் கொடுப்பான். வாசித்துவிட்டு அழுதேன். யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

பிறகு அந்த டீச்சரே எங்கள் பக்கத்துக் கதை ஒன்று தந்தா. மூதூர் வ. அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி'. சொந்தத் தோணி ஒன்றுக்கு ஏங்கும் மீனவப் பையன். அதை வாசித்த பிறகுதான் எங்கள் கடலையும் எழுதலாம் என்று தெரிந்தது. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களைக் காசில்லாமல் வாசிக்கலாம் என்று தங்கச்சி சொல்லித் தந்தா. நான் கைப்பேசியில்தான் வாசிக்கிறேன், கடலுக்குப் போகாத நாளில்.

மூதூர் தகப்பன் எழுதியது:

டச்பே தம்பி, எங்கள் ஊர் மனிசரின் கதை என்று எனக்குத் தெரியாமல் போச்சு. மகனிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். அவனே எனக்கு வாசித்துக் காட்டினான். பாடத்துக்கு நடுவில்தான். ஏ.எல். பிள்ளை சொன்ன இருபது பக்கக் கணக்குச் சரி என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

உப்புவெளி வாசகி எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன்.

டோட்டோ-சானையும் 'பாத்துமாவின் ஆடு' புத்தகத்தையும் வாங்கி, வவுனியா பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் அண்ணாவிடம் கொடுத்தனுப்பினேன். ஆடு இரண்டு நாளில் முடிந்தது. டோட்டோ-சானில் வேறு ஒன்று நடந்தது. போலியோவால் கால் நடக்கமுடியாத யாசுவாகியை அவள் மரத்தில் ஏற்றிவிடும் இடம் வரை வாசித்துவிட்டு, தன் வகுப்பில் ஊன்றுகோலோடு வரும் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினாள். அந்தப் பிள்ளையோடு இதுவரை தான் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஏன் பேசவில்லை என்று அவளே கேட்டு, அவளே பதில் சொல்லி, ஆறு நிமிசம். நான் ஒன்றும் சொல்லவில்லை, முழுக்கக் கேட்டேன்.

அடுத்தது நான் எதிர்பாராதது. இந்த உரையாடலை அவளுக்கும் அனுப்பியிருந்தேன். நிலாவெளி அக்கா வேண்டாம் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக 'ஆயிஷா'வைத் தேடி வாசித்துவிட்டாள். இரவு ஒன்பதரைக்கு அழைப்பு. "சித்தி, அந்த டீச்சர் ஏன் முதலே பேசல?" என்பதுதான் முதல் கேள்வி. பதினொரு மணி வரை பேசினோம். தன் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டதற்கு ஒரு பிள்ளையைக் கதிரையில் ஏற்றி நிறுத்தியதைப் பற்றிச் சொன்னாள். அதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. நிலாவெளி அக்கா, நீங்கள் எழுதியிராவிட்டால் அன்று அந்த அழைப்பை எடுத்து 'படு, நாளைக்குப் பேசுவம்' என்றிருப்பேன்.

இப்போது அவளுக்கு அல்தினாயைத் தெரியவேண்டுமாம். சிரித்த குதிரைக்காரர்களின் பெயரைத் தானே வைக்கப்போகிறாளாம். தம்பலகாமம் சேர், உங்கள் பழைய பிரதியை ஒரு மாதம் இரவல் தருவீர்களா? உறை போட்டு, பக்கம் மடியாமல் பார்த்துக்கொள்வேன். சித்திரை விடுமுறைக்கு இங்கே வருகிறாள். கடுமையான பகுதியை என் வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சம்மதித்துவிட்டாள்.

தம்பலகாமம் வாத்தியார் எழுதியது:

சனிக்கிழமை பத்து மணிக்குத் திருமலைச் சந்தைக்கு வருவேன். பஸ் நிலையத்தடியில் நில்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். கடைசிப் பக்கத்தில் என் மாணவர்கள் பென்சிலால் பெயர் எழுதியிருப்பார்கள். அதை அழிக்காமல், பிள்ளையையும் அதற்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்.